தகரப் பெட்டியும் முதன்மைச் சான்றே

முதன்மைச் சான்று என்றால் அரசாங்க ஆவணம்தான் என்று நானும் எண்ணியிருந்தேன். மேஜர் தாமஸ் ஸ்கின்னர் (1804–1877) அந்த எண்ணத்தை மாற்றினார். இலங்கையில் இளவயதிலேயே இராணுவ அதிகாரியானவர் இவர். கண்டி மலைநாட்டை அளந்தார்; 1820 முதல் சாலைகள் அமைத்தார். அவர் எழுதிவைத்த தன்வரலாற்றை 1891இல் நூலாக்கியவர் அவருடைய மகள் ஆனி. வீட்டிலிருந்த எழுத்துதான் வரலாறாயிற்று.

அச்சாலைகளால் காப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு வேலை தேடி நம்மவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் மடிந்தோர் பலர். அவர்கள் வீட்டு எழுத்து எங்கே?

கூலாயில் எங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில், மலாயாத் தோட்டத்திலிருந்த தாத்தாவுக்கு ஊரிலிருந்து வந்த ஏழு கடிதங்கள் உள்ளன. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. கிராணிதான் வாசித்துக் காட்டுவாராம். மற்றவை, தோட்டத்தைவிட்டு வீடு மாறியபோது அடுப்புக்குப் போய்விட்டன.

இத்தகைய கடிதம் கிடைத்தால் முதலில் அஞ்சல் முத்திரையைப் பாருங்கள். பிறகு, எழுதிய கை யாருடையது, வாசித்த குரல் யாருடையது என்று கேளுங்கள். பிறர் எழுத, பிறர் வாசித்த கடிதத்தில் மனத்திலுள்ளதை எல்லாம் சொல்லிவிட முடியுமா? ஏழிலும் பணம், மழை, கல்யாணம்தான்.

பாட்டிக்கு 84 வயது. அடுத்த விடுமுறையில் அவர் அருகே அமர்ந்து, கடிதங்களிலுள்ள பெயர்கள் யார் யாரென்று குறித்துக்கொள்ளப் போகிறேன்.