வேண்டாத முகமயிர்: லேசரா, ஊசியா? பணம் கட்டுமுன் பார்க்க வேண்டிய 14 விஷயங்கள்

மேல் உதட்டிலும் நாடியிலும் மயிர் தடித்து வளரத் தொடங்கினால் யாழ்ப்பாணத்துப் பெண்களில் அநேகர் முதலில் போவது திரெடிங்குக்குத்தான். நூல் போட்டுப் போட்டுச் சலித்த பிறகோ, கலியாணத்துக்கு நாள் வைத்த பிறகோதான் ஒரேயடியாகப் போக்க வழி உண்டா என்று தேடுகிறார்கள். வழி உண்டு. எந்த வழி என்பதை மட்டும் விளம்பரத்திடம் விட்டுவிடாதீர்கள். மயிரின் நிறம், தோலின் நிறம், அது வளர்வதற்கான காரணம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

1. காரணத்தை முதலில் தேடுங்கள். அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் இதேபோல் இருந்து, உங்கள் மாதவிடாயும் ஒழுங்காக வந்தால் பெரும்பாலும் அது பரம்பரைதான். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, முகப்பரு ஓயவில்லை, உடம்பு பருக்கிறது, கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடிக்கிறது என்றால் பி.சி.ஓ.எஸ். என்ற ஹோர்மோன் கோளாறாக இருக்கலாம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு இது உண்டு. அதைக் கவனிக்காமல் லேசருக்குப் போனால் பழைய மயிர் கருகக் கருகப் பக்கத்தில் புதியது தடித்து வரும்.

2. சில அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். சில மாதங்களுக்குள் திடீரென மயிர் பெருகுவது, குரல் தடிப்பது, முன்தலை வழுக்கையாவது, மாதவிடாய் முற்றாக நிற்பது ஆகியவை சினைப்பையிலோ சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியிலோ கட்டி இருப்பதைக் காட்டக்கூடும். இது அரிதுதான். ஆனாலும் அழகு நிலையத்துக்குப் போகுமுன் வைத்தியரிடம் போங்கள்.

3. இலவசமாகக் காட்ட இடம் இருக்கிறது. மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தேவைப்பட்டால் யாழ். போதனா வைத்தியசாலையின் தோல் நோய் அல்லது ஹோர்மோன் கிளினிக்குக்குத் துண்டு எழுதி வாங்கலாம். கடைசி ஆறு மாதமும் மாதவிடாய் வந்த திகதிகளையும், குடிக்கும் மாத்திரைகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ஹோர்மோன், தைரொயிட், சீனி அளவுக்கான இரத்தப் பரிசோதனைகளும் வயிற்று ஸ்கானும் செய்யச் சொல்லலாம்.

4. மாத்திரைக்கு ஆறு மாதம் பொறுங்கள். ஹோர்மோனைச் சீர்செய்யும் மாத்திரை ஏற்கெனவே முளைத்த மயிரை உதிர்க்காது. இனி வருவதைத்தான் மெலிதாக்கும். இரண்டு மாதத்தில் பலன் தெரியவில்லை என்று நீங்களாகவே நிறுத்த வேண்டாம். சில மாத்திரைகள் கருவில் உள்ள பிள்ளைக்குக் கெடுதி என்பதால், பிள்ளைக்கு முயற்சிப்பவர்கள் அதை டொக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள், எடை கூடுதலாக இருந்தால், உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே மாதவிடாய் ஒழுங்குக்கு வர உதவும்.

5. பூசும் கிறீமைப் பாருங்கள். முகம் வெளுக்க என்று, பெட்டியில் சேர்மானம் எழுதாமல் விற்கும் கிறீம்களில் ஸ்டெரொய்ட் கலந்திருக்கலாம். அதை நாட்பட முகத்தில் பூசினால் தோல் மெலியும், பரு வரும், மயிரும் வளரும். மயிரை எடுக்கக் காசு செலவழிக்குமுன் அந்தக் கிறீமை டொக்டரிடம் காட்டி நிறுத்தும் வழியைக் கேளுங்கள்.

6. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். தடித்த கறுப்பு மயிர் பரவலாக இருந்தால் லேசர் பொருந்தும். நரைத்ததும் செம்பட்டையும் லேசருக்குப் பிடிபடாது. அவற்றுக்கும், நாடியில் எண்ணி எடுக்கக்கூடிய சில மயிருக்கும் ஊசியால் செய்யும் எலெக்ட்ரோலிசிஸ்தான் வழி. சொக்கையில் உள்ள பூனைமயிரை விட்டுவிடுங்கள். எங்கள் நிறத்துப் பெண்களுக்கு அந்த இடத்தில் லேசர் பட்டால், மெல்லிய மயிர் சிலசமயம் தடித்துக் கறுத்து வளர்வது மருத்துவர்கள் அறிந்த பக்கவிளைவு.

7. லேசர் மெஷினின் வகையைக் கேளுங்கள். மயிரில் உள்ள கறுப்பு நிறப்பொருள் ஒளியை உறிஞ்சிச் சூடாகி வேரைச் சுடுவதுதான் லேசரின் வேலை. எங்கள் தோலிலும் அதே நிறப்பொருள் நிறைய இருப்பதால் தோலும் சுடுபடலாம். 755 நனோமீற்றர் அலெக்சாண்ட்ரைட் வெள்ளைத் தோலுக்கு ஏற்றது. கறுத்த தோலுக்குப் பாதுகாப்புக் கூடியது 1064 நனோமீற்றர் என்.டி.யாக். அது ஆழமாக இறங்கும், மேல்தோலின் நிறத்தில் குறைவாகவே படும். 810 அளவிலான டயோட் நடுத்தரம். பழகிய கை வேண்டும். முகத்துக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறையாக ஆறு முதல் எட்டுத் தடவை செய்வார்கள். பிறகும் இடைக்கிடை தேவைப்படும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. லேசருக்கு மயிரை நிரந்தரமாகக் குறைக்கும் என்று சொல்லத்தான் அனுமதிக்கிறது, அடியோடு போக்கும் என்று சொல்ல அல்ல.

8. எலெக்ட்ரோலிசிஸுக்குப் பொறுமை வேண்டும். 1875இல் அமெரிக்கக் கண் வைத்தியர் சார்ள்ஸ் மிஷெல், கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமைமயிரை எடுக்கக் கையாண்ட முறை இது. மயிரை விட மெல்லிய ஊசியை மயிர் முளைக்கும் துளை வழியே இறக்கி, சில வினாடி மின்சாரம் விடுவார்கள். வேர் செத்ததும் இடுக்கியால் தொட்டால் மயிர் இழுக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். பிடுங்கினாற்போல் இழுபட்டால் வேர் சாகவில்லை என்று அர்த்தம். எந்த நிற மயிருக்கும், எந்த நிறத் தோலுக்கும் உதவும். ஒவ்வொரு மயிராகச் செய்வதால் ஒரு வருடத்துக்கு மேலும் அடிக்கடி போகவேண்டி வரலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர் தூரம். இந்த முறையைத் தெரிந்தெடுப்பவர்கள் பக்கத்தில் செய்யும் இடம் உண்டா என்று விசாரித்துவிட்டே தொடங்க வேண்டும்.

9. யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். டொக்டரின் பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவில் பார்க்கலாம். மெஷினை இயக்குபவர் யார், சுட்டுவிட்டால் யார் பார்ப்பார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். 1920களில் அமெரிக்காவின் அழகு நிலையங்களில் நோவில்லாத புது முறை என்று எக்ஸ்ரேயால் முகமயிரை எடுத்தார்கள். வருடங்கள் கழித்துப் பல பெண்களுக்குத் தோல் புற்றுநோய் வந்தது. மெஷினின் பெயரைச் சொல்லத் தயங்கும் இடத்தில் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

10. காதோரம் சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நாள் பொறுத்து, கொப்புளமோ கறுப்போ இல்லை என்றால் மட்டும் முழு முகத்துக்கும் செய்யலாம். காயத்தழும்பு தடித்து வளரும் உடம்பு, உதட்டில் அடிக்கடி வரும் கொப்புளம், பரு மாத்திரை, கர்ப்பம் எதையும் மறைக்கக் கூடாது. கண்ணுக்குக் கவசம் கட்டாயம். புருவத்துக்கும் கண்ணுக்கும் இடையில் லேசர் வேண்டவே வேண்டாம்.

11. லேசருக்கு ஒரு மாதம் முன்பே திரெடிங், வக்ஸ், பிளீச் மூன்றையும் நிறுத்துங்கள். வேரோடு பிடுங்கினால் லேசர் சுட எதுவும் இராது. இடைப்பட்ட நாளில் சவரம் செய்யலாம். சவரம் செய்தால் மயிர் தடிக்கும் என்று பயப்பட வேண்டாம். 1928இலேயே மில்ட்ரட் ட்ரொட்டர் என்ற உடற்கூற்றியல் அறிஞர் அளந்து பார்த்து, அது தடிக்காது என்று காட்டிவிட்டார்.

12. மழையோடு தொடங்குங்கள். வெயில் பட்டுக் கறுத்த முகத்தில் லேசர் சுடும்; லேசர் பட்ட முகம் வெயிலில் கறுக்கும். ஐப்பசி மழையில் தொடங்கினால் சித்திரை வெயிலுக்குள் அநேக தடவைகள் முடிந்துவிடும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிவீதி வெயிலில் நிற்பவர்கள் அந்தக் காலத்துக்கு நாள் எடுக்க வேண்டாம். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத கிறீமும் குடையும் மழைநாளிலும் தேவை. செய்த பிறகு ஒன்றிரண்டு கிழமைக்கு மயிர் மிளகுத்தூள் தூவினாற்போல் வெளியே தள்ளி நிற்கும். அது உதிர்கின்ற மயிர், நோண்ட வேண்டாம்.

13. வீட்டு வைத்தியத்தையும் வெளிநாட்டு மெஷினையும் அளவோடு நம்புங்கள். கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் பூசுவது எங்கள் வழக்கம்தான். ஆனால் தடித்த மயிரின் வேரை அவை அழிக்கா. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்து சொந்தக்காரர் அனுப்பும், வீட்டிலேயே ஒளியால் மயிரைச் சுடும் ஐ.பி.எல். மெஷின்களில் அநேகமானவை கறுத்த தோலுக்கு ஏற்றவையல்ல. பெட்டியில் உள்ள தோல்நிற அட்டவணையைக் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் முகத்தில் வைக்க வேண்டாம்.

14. கணக்கையும் காலத்தையும் முதலே போடுங்கள். ஒரு தடவைக் கட்டணத்தை எட்டால் பெருக்கி, பின்னர் இடைக்கிடை செய்வதையும் பஸ் காசையும் சேர்த்தால்தான் உண்மையான செலவு தெரியும். முழுத்தொகையையும் முன்கூட்டிக் கட்ட வேண்டாம். கலியாணத்துக்கு ஒன்பது மாதமாவது இருந்தால் தொடங்கலாம். இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் திரெடிங்கோடு நில்லுங்கள். கலியாண நாளில் சூட்டுக் காயத்தோடு இருக்கத் தேவையில்லை. மயிர் இருப்பது குற்றமல்ல, எடுக்காமல் விடுவதும் ஒரு பெண்ணின் சொந்த விருப்பம். பெரியபிள்ளையாகிச் சில வருடமாகியும் மகளின் மாதவிடாய் ஒழுங்காகவில்லை, நாடியிலும் மயிர் வருகிறது என்றால், பகிடி பண்ணாமலும் சொந்தக்காரர் முன்னால் கதைக்காமலும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.