அழகுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை
(மார்பகப் பெருக்கமும் அதன் பின்விளைவுகளும்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

மாமல்லபுரத்தில் உளியோசை இன்றும் ஓயவில்லை. சிற்பி கருதிய வடிவைக் கல் மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. உயிருள்ள உடலோ அத்தன்மையதன்று. தனக்குள் புகும் அயற்பொருள் ஒவ்வொன்றையும் அது அறிந்து எதிர்வினை புரிகிறது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டே மார்பகப் பெருக்க அறுவைச் சிகிச்சையை நாம் ஆராய வேண்டும்.

இது செல்வர்க்கு மட்டுமே உரிய பொருள் என்று எண்ண வேண்டா. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் 2018 பிப்ரவரியில் மார்பக அறுவைச் சிகிச்சைகளைக் கட்டணமின்றிச் செய்யும் பிரிவு தொடங்கப்பட்டது. அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அன்றைய நலவாழ்வுத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர். உயிர்காக்கும் மருத்துவத்திற்கன்றோ முதலிடம் தர வேண்டும் என்றனர் மறுத்துரைத்தோர். இரு சாராரின் கூற்றிலும் நியாயம் உண்டு. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவருக்கும், பிறவியிலேயே இரு மார்பகங்களும் ஒவ்வாத அளவில் அமைந்தவருக்கும் இது வெறும் ஒப்பனையன்று. ஆனால், கட்டணம் இருப்பினும் இல்லாவிடினும் தீங்குகள் ஒன்றே.

வரலாறு

1899-ஆம் ஆண்டு வியன்னாவில் கெர்சூனி என்ற மருத்துவர் பாரஃபின் மெழுகை உடலில் ஊசிவழிச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். பின்னர் அது மார்பகத்திற்கும் பயன்பட்டது. மெழுகு கட்டிகளாக இறுகிப் புண்களை உண்டாக்கவே அம்முறை கைவிடப்பட்டது. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குரோனின், கெரோ என்னும் இரு மருத்துவர்கள் சிலிக்கோன் களி நிரம்பிய பையை முதன்முதலாகப் பொருத்தினர். இன்றைய உள்வைப்புப் பைகளுக்கு அதுவே மூலம். சிலிக்கோன் களியோ உப்புநீரோ நிரம்பிய பை, மார்புத் தசைக்கு மேலோ கீழோ வைக்கப்படுகிறது.

உடலின் எதிர்வினை

எந்த அறுவைச் சிகிச்சையிலும் மயக்க மருந்தின் கேடு, இரத்தக்கட்டு, சீழ், தழும்பு ஆகியவை நேரலாம். முலைக்காம்பில் உணர்ச்சி குறையலாம். சிலருக்கு அக்குறை நிலைத்துவிடுவதும் உண்டு.

உள்வைப்புக்கே உரிய சிக்கல்களுள் முதன்மையானது உறைச்சுருக்கம். அயற்பொருளை வெளியேற்ற இயலாத உடல், அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறை கட்டுகிறது. இவ்வுறை எல்லோருக்கும் தோன்றுவதே. சிலரிடத்தில் அது சுருங்கிப் பையை நெருக்குகிறது. மார்பகம் கெட்டிப்பட்டு, வடிவம் கெட்டு, வலி எடுக்கிறது. கடுமையான நிலையில் மறு அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும்.

அடுத்தது பை கிழிதல். உப்புநீர்ப் பை கிழிந்தால் மார்பகம் தளர்ந்து உடனே தெரிந்துவிடும். சிலிக்கோன் பை கிழிந்தால் களி உறைக்குள்ளேயே தங்கிவிடுவதால் ஆண்டுக்கணக்கில் தெரியாமலும் போகலாம். இதுவே பேராபத்து. ஆதலால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், சிலிக்கோன் பை பொருத்திய ஐந்தாறு ஆண்டுகளில் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்டு பரிசோதனையும், பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பரிசோதனையும் செய்யப் பரிந்துரைக்கிறது.

அரிய புற்றுநோய்

உள்வைப்பைச் சுற்றியுள்ள உறையில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று உண்டு. இது மார்பகப் புற்றுநோயன்று; நோய் எதிர்ப்புச் செல்களில் தோன்றுவது. சொரசொரப்பான மேற்பரப்புடைய பைகளோடு இது பெரிதும் தொடர்புடையது. எனவே 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் அவ்வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு மார்பகம் திடீரென வீங்கினால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்து பையையும் உறையையும் அகற்றினால் பெரும்பாலும் குணமாகும்.

மனிதரின் பேராசையும் ஓர் ஆபத்தே. பிரான்சின் பிப் நிறுவனம், மருத்துவத் தரமற்ற தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி உலகெங்கும் விற்றது. 2010-இல் குட்டு வெளிப்பட்டது. அதன் நிறுவனர் 2013-இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

தாய்மையும் பரிசோதனையும்

முலைக்காம்பைச் சுற்றி வெட்டினால் பால் நாளங்கள் பாதிக்கப்பட்டுத் தாய்ப்பால் குறையக்கூடும். மேலும், மேமோகிராம் படத்தில் உள்வைப்பு சில திசுக்களை மறைத்துவிடும். ஆகவே பரிசோதிப்பவரிடம் உள்வைப்பு இருப்பதை முன்கூட்டியே சொல்லிக் கூடுதல் படங்கள் எடுக்கச் செய்ய வேண்டும்.

முடிவுரை

உள்வைப்புப் பை ஆயுள் முழுவதும் நிலைப்பதன்று. இருபது வயதில் பொருத்திக்கொள்ளும் பெண், பிற்காலத்தில் அதை மாற்றவோ எடுக்கவோ மீண்டும் அறுவை மேசைக்குப் போக நேரிடலாம். மறைமலை நகர்த் தொழிற்சாலையில் கூலிக்கு உழைக்கும் பெண் ஒருத்தி தவணைக் கடனில் இச்சிகிச்சை செய்துகொள்கிறாள் என்று கொள்வோம். தவணை சில ஆண்டுகளில் தீரும். பரிசோதனைச் செலவு தீராது. இதை விளம்பரம் அவளுக்குச் சொல்லாது.

எனவே இச்சிகிச்சையை விரும்பும் தோழியர் நான்கு வினாக்களைக் கேட்டறிதல் நலம். அறுவைச் சிகிச்சை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையான பட்டம் பெற்றவரா? பொருத்தும் பை எவ்வகை. அதன் பெயரும் எண்ணும் பொறித்த அட்டை தருவார்களா? பின்னாளில் பரிசோதனைக்கு ஆகும் செலவு எவ்வளவு? சிக்கல் நேர்ந்தால் யாரிடம் செல்வது? நம் ஊரில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. முன்பணம் கட்டுமுன் அங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் கலந்து பேசலாம்.

விரும்புவதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் அறிந்து விரும்புவது வேறு, அறியாமல் விரும்புவது வேறு. ஏழைக்கும் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்போர், அதன் தீங்குகளைப் பற்றிய முழு விளக்கமும் அவர்தம் தாய்மொழியில் கிடைக்கச் செய்ய வேண்டும். அதுவே முழுமையான சமநீதியாகும்.