ஆணித் துப்பாக்கி மக்கர் செய்கிறதா?

முதலில் காற்றுக் குழாயைக் கழற்றி, ஆணிகளை வெளியே எடுத்துவிடுங்கள். குழாய் மாட்டியிருக்கையில் சிக்கிய ஆணியை நோண்டவே கூடாது.

கிரியான் ஆற்றோரத்து நிபோங் திபாலில் காற்றில் எப்போதும் ஈரம்தான். அது கம்ப்ரசர் தொட்டிக்குள் நீராகத் தேங்கி, குழாய் வழியே கருவிக்குள் புகுந்து, எண்ணெய்ப் பூச்சைக் கழுவித் துருவேற்றும். வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கி, தொட்டியின் அடிவால்வைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். மற்ற எல்லாப் பராமரிப்பையும்விட இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன்.

காற்று கசிந்தால் எங்கே என்று காதுகொடுத்துக் கேளுங்கள். விசையருகே என்றால் பெரும்பாலும் விசை வால்வின் ஓ-ரிங். மேல்மூடிப் பக்கம் என்றால் தலை வால்வின் ஓ-ரிங். அந்தந்த மாடலுக்குரிய ஓ-ரிங்கையே வாங்கி மாற்றுங்கள்.

ஆணி முழுதாக இறங்கவில்லையா? அழுத்தத்தைப் பாருங்கள். பல கருவிகளுக்கு 70 முதல் 100 பி.எஸ்.ஐ. போதும், கருவியில் குறித்துள்ள உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். அதிலும் சரியாகாவிட்டால் பிஸ்டனின் ஓ-ரிங்கோ, ஆணியை அடிக்கும் தகடோ தேய்ந்திருக்கும்.

எண்ணெய் விடும் வகைக் கருவி என்றால், தினமும் வேலைக்கு முன் காற்று நுழையும் வாயில் சில சொட்டு நியூமேட்டிக் எண்ணெய் விடுங்கள். மோட்டார் எஞ்சின் எண்ணெய் ஓ-ரிங்கைக் கெடுக்கும்.

முனையிலுள்ள பாதுகாப்புப் பூட்டு இறுகிக்கொண்டால் சுத்தம் செய்து ஸ்பிரிங்கை மாற்றுங்கள். அதைக் கம்பியால் கட்டிவைத்து வேலை செய்யாதீர்கள்.