அட்டையில் காலியாக இருந்த கட்டம்

மகளுக்கு எல்.கே.ஜி. இடம் கேட்டு ராஜா அண்ணாமலைபுரத்தில் விண்ணப்பம் கொடுத்தபோது, பிறப்புச் சான்றிதழோடு தடுப்பூசி அட்டையின் ஜெராக்ஸும் கேட்டார்கள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. பிசிஜியில் தொடங்கி ஒன்றரை வயது பூஸ்டர் வரை தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. அட்டையைப் பீரோவில் வைத்ததோடு மறந்தும் போனேன்.

பள்ளி மாற்றும்போதுதான் திரும்ப எடுத்தேன். அவளுக்கு ஆறேமுக்கால் வயது. ‘5-6 வயது, டிபிடி இரண்டாம் பூஸ்டர்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. வயிற்றைக் கலக்கியது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான ஊசி அது. 2018-ல் ஈரோடு மாவட்டத்தில் தொண்டை அடைப்பானுக்குக் குழந்தைகள் பலியான செய்தியைப் படித்தவள்தான் நான்.

சேர்க்கையின்போது ஒருமுறை கேட்பதோடு சரி, அதற்குப் பிறகு வரும் ஊசிகளை யாரும் கேட்பதில்லை. அது நம் பொறுப்பு.

புதன்கிழமை காலை மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குப் போனோம். புதன்தான் அங்கே ஊசி நாள், செலவும் கிடையாது. சிஸ்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, “ஏழு வயசு முடியலையேம்மா? அப்ப டிபிடியே போடலாம். தாண்டியிருந்தா டிடிதான்” என்றார். நீலநிறக் குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து, லேபிளை என்னிடம் காட்டிவிட்டே மருந்தை ஏற்றினார். அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார். இரவு லேசான காய்ச்சல், கையில் வலி. மறுநாள் மதியமே ஓடி விளையாடினாள்.

அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தரைத்தளத்தில் இருக்கும் என் தோழியின் ஃபைல் முழுக்க நனைந்து, பையனின் அட்டையில் மை கரைந்துவிட்டது. ஊசி போட்ட மருத்துவமனையின் பதிவேட்டிலிருந்து பாதியை மீட்டாள். பதிவே கிடைக்காத ஊசிகளைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், கெடுதல் இல்லை என்றார் அவர்களுடைய டாக்டர்.

தனியாரில் எம்.எம்.ஆர். போட்டவர்கள், அரசு அட்டையில் எம்.ஆர். என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எம்.எம்.ஆரில் தட்டம்மை, ரூபெல்லாவோடு பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்திருக்கிறது.

சுகாதார நிலையத்திலிருந்து கிளம்பும்போது சிஸ்டர் மகளின் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ‘10, 16 - டிடி’ என்று எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தார். அந்த இரண்டு பிறந்தநாளுக்கும் அன்று இரவே போனில் நினைவூட்டல் போட்டுவிட்டேன்.