கொறங்காட்டு வழியே

சுற்றுலா என்றதும் மாணவ நண்பர்களுக்கு உதகையும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வருகின்றன. திருப்பூர் மாவட்டம் காங்கயத்தைச் சுற்றியுள்ள சாலைகளை எவரும் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. தாவரவியல் மாணவன் என்ற முறையிலும் மாடு வளர்ப்பவரின் மகன் என்ற முறையிலும் அக்குறையைப் போக்க விழைகிறேன்.

திருப்பூர்ச் சாலையில் சிவன்மலை. அருணகிரிநாதர் பாடிய முருகன் தலம். வடக்கே நொய்யல் கரையில் கொடுமணல். பழங்காலக் கல்மணிப் பட்டறைகள் அகழாய்வில் வெளிப்பட்ட ஊர். இவற்றைப் பற்றி ஏட்டில் படிக்கலாம். சாலையின் இருபுறமும் தெரியும் கொறங்காட்டைப் பற்றித்தான் நம் பாடநூலில் ஒரு வரியும் இல்லை.

கொறங்காடு என்பது வேலியடைத்த மேய்ச்சல் நிலம். மழை குறைந்த இச்செம்மண்ணில் தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை. கிளுவைக் குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும்; வறட்சியிலும் சாகாது. படலைச் சாத்திவிட்டால் மாட்டுக்குக் காவல் வேண்டியதில்லை. புல் காய்ந்த காலத்தில் வெள்வேலங்காய் ஆடுகளுக்குத் தீனி. புல்லோடு படரும் நரிப்பயற்றின் வேர்முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. என் தந்தையார் பள்ளி சென்றதில்லை. ஆனாலும், "பயத்தங்கொடி இருந்தாப் புல்லு நல்லா வரும்" என்று நான் கல்லூரியில் சேருமுன்பே சொல்லியிருக்கிறார்.

இந்நிலத்தின் செல்வம் காங்கயம் மாடு. கன்று பிறக்கையில் செந்நிறம். ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறும். காளையானால் திமிலும் கழுத்தும் கருக்கும். இவ்வினத்தைப் பேணியவர்களுள் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பெயர் பெற்றது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையைக் காண்போர், காளைகளின் அழகை மறக்கமாட்டார். உழவுக்கு டிராக்டர் வந்தபின் வாங்குவோர் குறைந்ததும் உண்மையே.

எங்களுக்கும் நான்கு ஏக்கர் கொறங்காடு உண்டு. மனை பிரிக்க அதைக் கேட்டு ஒருவர் இருமுறை வந்துவிட்டார். தங்கையின் படிப்பும் கடனும் முன்னே நிற்கின்றன. "நீதான் படிக்கிறவனாச்சே கண்ணு, நீயே சொல்லு" என்கிறார் தந்தையார். எங்கள் வீட்டில் கல்லூரி கண்ட முதல் ஆள் நான். எனவே என் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு! செய்முறை வகுப்பில் கற்றபடி ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் புல்லில் வைத்து, செடிகளை எண்ணிக் குறித்து வருகிறேன். இருபது இடங்கள் முடிந்தன. மனை கேட்டவர் தைக்குப் பிறகு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.