மின்னஞ்சல் வழங்கியின் நிர்வாக வாயில்: தொழில் நடத்துவோர் அறிய வேண்டியவை

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தொழில் நடத்துவோர் பலர் இன்று தம் நிறுவனத்தின் சொந்த டொமைன் பெயரில் மின்னஞ்சல் வைத்துள்ளனர். தோத்தாபுரி மாம்பழக் கூழை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஆலைகள், கருங்கல் ஏற்றுமதியாளர்கள், திருப்பதியின் தங்கும் விடுதிகள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றின் இன்வாய்ஸ்களும் வங்கிக் கணக்கு எண்களும் அவ்வஞ்சல் வழியாகவே சென்று வருகின்றன. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கருத்துடன் காப்பவர்கள்கூட, மின்னஞ்சலை ஆளும் நிர்வாகத் தளத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பணம் எந்தக் கணக்கிற்குச் செல்ல வேண்டும் என்பதை அஞ்சலே சொல்கிறது. ஆகவே அஞ்சலை ஆளும் வாயில் பணத்துக்கும் வாயிலாகும். அவ்வாயிலில் நுழையும் முறையையும் அதைக் காக்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

1. நிர்வாகத் தளம் என்பது யாது?

ஊழியர் ஒருவர் தம் கடவுச்சொல்லால் தம் அஞ்சலை மட்டுமே திறக்க இயலும். நிர்வாகியோ, இணைய உலாவியில் வேறொரு முகவரி வழியாக நிர்வாகத் தளத்தில் நுழைகிறார். புதிய அஞ்சல் கணக்குகளைத் தொடங்குதல், எவருடைய கடவுச்சொல்லையும் மாற்றுதல், ஒருவருக்கு வரும் அஞ்சலின் படி மற்றொரு முகவரிக்குச் செல்லுமாறு அமைத்தல் ஆகிய அதிகாரங்கள் அவருக்கு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். மாங்கூழ் ஆலை ஒன்றின் நிர்வாகத் தளத்தில் அயலார் ஒருவர் நுழைந்துவிட்டார். அவர் எதையும் அழிப்பதில்லை. கணக்குப் பிரிவின் அஞ்சல்களைப் பல நாள் படித்துக் காத்திருக்கிறார். சரக்கு கப்பலேறியதும், ஆலையின் உண்மையான முகவரியிலிருந்தே, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று துபாயிலுள்ள கொள்முதலாளருக்கு எழுதுகிறார். கொள்முதலாளர் ஐயுற யாதொரு காரணமும் இல்லை. சரக்கும் சென்றுவிடுகிறது, பணமும் சென்றுவிடுகிறது. இவ்வகை மோசடி குறித்து அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திற்கு 2023ஆம் ஆண்டில் மட்டும் 21,489 புகார்கள் வந்தன. அவற்றில் இழந்த தொகை 290 கோடி டாலருக்கும் மேல்.

2. முதலில் முகவரியைப் படியுங்கள்

போலியான நுழைவுப் பக்கத்தைக் காட்டிக் கடவுச்சொல்லைப் பெறுவதே திருடர்களின் எளிய வழி. திருப்பதி வாசகர்களுக்கு இது புதிதன்று. தரிசனச் சீட்டு தருவதாகச் சொல்லும் போலி இணையத் தளங்கள் குறித்துத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் பக்தர்களைப் பலமுறை எச்சரித்துள்ளது. தேவஸ்தானத்தின் தளம் 2024 ஜனவரியில் புதிய பெயருக்கு மாறியபோதும், 'ஏபி.ஜிஓவி.இன்' என்னும் அரசு முடிவு மாறவில்லை. உண்மையான தளத்தை அறிய அம்முடிவே அடையாளம்.

இதே விதி நிர்வாகத் தளத்திற்கும் பொருந்தும். முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு உடனே முன்னுள்ள பகுதியே தளம் யாருடையது என்பதைக் காட்டும். கூகுள் சேவையின் நிர்வாக முகவரி 'அட்மின்.கூகுள்.காம்'. இதில் முதல் புள்ளிக்குப் பதிலாகச் சிறுகோடு இருப்பின், அது முற்றிலும் வேறான டொமைன் ஆகும். பூட்டுக் குறியைக் கண்டு மட்டும் நம்பலாகாது. தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது என்பதை அது உணர்த்துமேயன்றி, மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்று உறுதி கூறாது. வங்கிகளின் தளங்கள் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க்.இன்' என முடியும் முகவரிக்கு மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி ஆணையிட்டதும், வாடிக்கையாளர் முகவரியின் முடிவைக் கண்டே தெளிய வேண்டும் என்பதற்காகவே.

நிர்வாக முகவரியை ஒருமுறை சரிபார்த்து உலாவியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தி ஒருபோதும் நுழையாதீர்கள்.

3. நுழையும் முறை

நிர்வாகிக்கெனத் தனிக் கணக்கு இருத்தல் வேண்டும். அன்றாடக் கடிதப் போக்குவரத்துக்கு அக்கணக்கைப் பயன்படுத்தலாகாது. அதன் கடவுச்சொல் நீளமானதாகவும் வேறெங்கும் பயன்படாததாகவும் இருக்கட்டும்.

அடுத்தது இரண்டாம் சரிபார்ப்பு. குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, கைபேசிச் செயலி 30 நொடிக்கு ஒருமுறை காட்டும் ஆறிலக்க எண் மேலானது. அதனினும் மேலானது, கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவி. பதிவு செய்த தளத்தின் முகவரிக்கு மட்டுமே அது விடையளிக்கும். ஆதலால் போலிப் பக்கத்தில் ஏமாறாது.

நிர்வாகி ஒருவர் மட்டுமே எனில் அவர் நோயுற்றாலோ விலகினாலோ நிறுவனமே வெளியில் நிற்க நேரும். பொறுப்பான இருவரிடம் தனித்தனிக் கணக்குகள் இருத்தல் நலம். ஒரே கடவுச்சொல்லை இருவர் பகிர்ந்தால், எச்செயலை எவர் செய்தார் என்று பின்னர் அறிய இயலாது. அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வெளியாளிடம் முழு அதிகாரத்தையும் விட்டுவைத்தல் தகாது.

4. கடவுச்சொல் மட்டும் போதாது

சொந்தமாக வழங்கி வைத்திருப்போர் சிம்ப்ரா என்னும் மென்பொருளின் அனுபவத்தை நினைவில் கொள்ள வேண்டும். அதன் நிர்வாகத் தளம் வழக்கமாக 7071 என்னும் வாயில் எண்ணில் இயங்கும். நிர்வாகிக்கு மட்டுமே உரிய ஒரு செயற்பாட்டில், கடவுச்சொல்லே இன்றி அயலார் புகக்கூடிய குறை 2022இல் வெளிப்பட்டது. உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வழங்கிகள் ஊடுருவப்பட்டதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அக்குறையை நீக்கும் திருத்தம் அதே ஆண்டு ஜூலையிலேயே வெளிவந்திருந்தது.

ஆகவே மென்பொருள் திருத்தங்களை வந்தவுடன் நிறுவுதல் வேண்டும். நிர்வாக வாயில் உலகம் முழுவதற்கும் திறந்திராமல், அலுவலக இணைப்பிலிருந்து மட்டும் திறக்குமாறு அமைத்தலும் வேண்டும். இவற்றைக் கவனிக்க ஆளில்லாத சிறு நிறுவனங்கள், திருத்தங்களைத் தாமே செய்துவிடும் சேவை நிறுவனங்களிடம் அஞ்சலை ஒப்படைப்பதே பொருத்தமாகும்.

5. உள்ளே நுழைந்தபின் காண வேண்டியவை

மாதம் ஒருமுறையேனும் மூன்றைப் பாருங்கள். முதலாவது, நுழைவுப் பதிவேடு: அறியாத ஊரிலிருந்தோ அகால வேளையிலோ நுழைவு உள்ளதா? இரண்டாவது, நிர்வாகிகளின் பட்டியல்: விலகிச் சென்றவர் பெயர் இன்னும் உள்ளதா? மூன்றாவது, அஞ்சலை வெளி முகவரிக்குத் திருப்பும் விதிகள். கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் இவ்விதி எஞ்சி நின்று அஞ்சலைக் கசியவிடும் என்பதை மறத்தலாகாது.

6. பணம் அனுப்பும் முன்

அஞ்சல் எவ்வளவு காக்கப்பட்டிருப்பினும், கணக்கு எண் மாற்றத்தை அஞ்சலை மட்டும் நம்பி ஏற்காதீர்கள். முன்பே உங்களிடம் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்துப் பேசுங்கள். அவ்வஞ்சலிலேயே தரப்பட்ட எண்ணில் அன்று. 'கணக்கு மாற்றத்தை அஞ்சலில் மட்டும் தெரிவிக்கமாட்டோம்' என்று உங்கள் கொள்முதலாளருக்கும் ஒப்பந்தத்தின்போதே எழுதிக் கொடுங்கள்.

உள்நாட்டில் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் வழியாகச் செல்லும் பணம் கணக்கு எண்ணைக் கொண்டே வரவு வைக்கப்படுகிறது. எனவே, பெறுபவரின் பெயரை அனுப்புமுன் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கட்டணமின்றி அளிக்குமாறு வங்கிகளை ரிசர்வ் வங்கி பணித்தது. பெயர் பொருந்தாவிடில் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

7. தவறு நேர்ந்துவிட்டால்

உடனே உங்கள் வங்கிக் கிளைக்குத் தெரிவியுங்கள். 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் அழையுங்கள். பணம் மறு கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன் முடக்கினால் மட்டுமே மீட்க வாய்ப்புண்டு. ஊடுருவலை 6 மணி நேரத்திற்குள் 'செர்ட்-இன்' அமைப்பிற்கு அறிவித்தலும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருத்தலும் அவ்வமைப்பு 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த ஆணையின்படி நிறுவனங்களின் கடமையாகும். பதற்றத்தில் பதிவேடுகளை அழித்துவிடாதீர்கள், அவையே சான்று.

தன்மதிப்பீட்டு வினாக்கள்

அ. நம் அஞ்சலின் நிர்வாகிகள் எவர் எவர்?
ஆ. டொமைன் பெயர் நிறுவனத்தின் பேரில் பதிவாகியுள்ளதா, அமைத்துக் கொடுத்தவர் பேரிலா?
இ. நிர்வாகக் கணக்கிற்கு இரண்டாம் சரிபார்ப்பு உண்டா?
ஈ. வெளி முகவரிக்குத் திருப்பும் விதி ஏதேனும் உள்ளதா?
உ. கணக்கு எண் மாறியதாக அஞ்சல் வந்தால் எவர் எவரை அழைக்க வேண்டும்?

இவ்வினாக்களுக்கு நிறுவன உரிமையாளரே விடை எழுதிப் பார்த்தல் வேண்டும். விடை தெரியாத வினா எதுவோ, அதிலிருந்தே பணியைத் தொடங்குக.