ஏலக்காய் விலையும் மின்கட்டணமும்

பருவநிலைப் பாதுகாப்பு என்பது டில்லியிலும் வெளிநாட்டு மாநாடுகளிலும் பேசப்படும் விஷயம், நமக்குக் கொள்முதலும் விற்பனையும் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். போடி வணிகர் அப்படி இருந்துவிட முடியாது. நமது ஏல மையத்துக்கு வரும் சரக்கு, மலையில் பெய்யும் மழையையும் மரநிழலையும் நம்பியே விளைகிறது.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் பலமாக அடிபட்டன. வரத்து சுருங்கி, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய் வரை போயிற்று. 2024 கோடையில் வெயிலும் வறட்சியும் செடிகளைக் கருக்கின. விலை ஏறினால் வியாபாரிக்கு லாபம்தானே என்பார்கள். பழைய இருப்பு வைத்திருந்தவருக்குச் சரி. மளிகைக்கடைக்காரர் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் எத்தனை காய் போடுவார்? முதல் முடங்குகிறது, விற்பனை குறைகிறது. ஏறிய வேகத்தில் விலை இறங்கினால் நஷ்டமும் நம் தலையில்தான்.

மத்திய அரசு 2008 ஜூனில் பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2010 ஜனவரியில் அதன் கீழ் தேசிய சூரியசக்தி இயக்கம் தொடங்கியது. இவற்றால் நாளையே மலையில் பருவம் தவறாமல் மழை பெய்துவிடாது. உலகமே சேர்ந்து செய்தாலும் அந்தப் பலன் மெதுவாகத்தான் வரும். ஆனால் செலவுப் பக்கத்தில் பலன் ஏற்கெனவே தெரிகிறது. அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கிய எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2014-ல் 310 ரூபாய். 2016-ல் 38 ரூபாய். மொத்தக் கொள்முதலின் வலிமையை வணிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காற்றாலை விஷயத்தில் ஒரு பாடமும் உண்டு. 1990-களில் காற்றாலை போட்டவருக்கு முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானச் சலுகை கிடைத்தது. நம் மாநில ஆலை முதலாளிகள் பலர் முன்வந்தார்கள். இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கணவாய்க் காற்றை நம்பி நமது தேனி, ஆண்டிபட்டிப் பக்கமும் காற்றாலைகள் சுழல்கின்றன. அந்நாளில் சிலர் வரியை மட்டும் பார்த்து, காற்று குறைந்த இடத்தில் போட்டு, உற்பத்தியைக் கவனிக்காமல் விட்டார்கள். சலுகை ஓர் ஆண்டோடு முடியும். இயந்திரம் இருபது ஆண்டு நிற்க வேண்டும்.

சூரிய மின்சாரத்துக்கும் இதே கணக்குத்தான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் 'சூர்ய கர்' திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இது வீட்டு இணைப்புக்கு மட்டுமே. கடை இணைப்புக்குக் கிடைக்காது என்பது பலருக்குத் தெரியாமல், விண்ணப்பித்த பிறகு அலைகிறார்கள். மேலே வீடு, கீழே கடை என்று தனித்தனி மீட்டர் உள்ளவர்கள் வீட்டு இணைப்புக்கு முதலில் யோசிக்கலாம்.

கடைக்கு மானியம் இல்லாவிட்டாலும், வருமான வரியில் சூரியசக்திச் சாதனத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. வணிக இணைப்புக்கு யூனிட் கட்டணமும் கூடுதல் என்பதால் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மதிப்பு அதிகம். பகல் முழுதும் குளிர்பெட்டி ஓடும் கடைக்கும் மாவு மில்லுக்கும் இது ஏற்றது. மாலை ஆறு மணிக்கு மேல்தான் கூட்டம் வரும் கடைக்கு அவ்வளவு பயன் தராது. வாடகைக் கடை என்றால் கூரை கட்டட உரிமையாளருடையது; எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாமல் பணத்தைப் போட வேண்டாம். உபரி மின்சாரத்துக்கு வீட்டுக்கு ஒரு கணக்கும் கடைக்கு வேறு கணக்கும் இருப்பதால், மின்வாரிய அலுவலகத்தில் விவரம் கேட்ட பிறகே பேனலின் அளவை முடிவு செய்யுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சூரியசக்திச் சாதனங்களுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. சாதனத்துக்குப் பழைய விகிதம் போட்ட விலைப்புள்ளியை யாராவது நீட்டினால், திருத்தி எடுத்துவரச் சொல்லலாம்.